ஏல ரசீது இல்லாத நஷ்டம்

பார்த்தால் ஜவ்வரிசி என்றே தோன்றும். 2025 மே மாதக் கடைசியில் திருவனந்தபுரத்தின் கொச்சுவேளிக் கடற்கரையில் அலை ஒதுக்கிவிட்டுப் போன அந்த வெள்ளை மணிகள் பிளாஸ்டிக். தன்னார்வலர்கள் நாள்கணக்கில் அள்ளினார்கள். அள்ள அள்ள மறுபடியும் வந்தன. வர்க்கலைப் பக்கம் சரக்குப் பெட்டகங்களே கரை ஒதுங்கின. மணிகள் குமரி மாவட்டக் கரை வரை போய்ச் சேர்ந்தன.

எல்லாம் ஒரே கப்பலிலிருந்து வந்தவை. விழிஞ்ஞம் துறைமுகத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட, லைபீரியக் கொடி தாங்கிய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ மே 24 அன்று கடலில் சாய்ந்தது, மறுநாள் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் மீட்கப்பட்டார்கள். 640க்கும் மேற்பட்ட பெட்டகங்கள், அவற்றில் 12இல் கால்சியம் கார்பைடு, எரிபொருள் தொட்டிகளில் 84.44 டன் டீசல், 367.1 டன் ஃபர்னஸ் ஆயில். மே 29 அன்று கேரள அரசு இதை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

கரையில் அதற்குள் நஷ்டக் கணக்கு தொடங்கிவிட்டது. கப்பல் மூழ்கிய இடத்தைச் சுற்றி 20 கடல் மைலுக்குள் வலை போடத் தடை. கடலுக்குப் போனவர்கள் கொண்டுவந்த மீனை வாங்கவோ ஆளில்லை. ‘கெமிக்கல் மீன்’ என்ற பேச்சு சந்தைக்கு முன்னால் போய் நின்றது. ஜூன் 9 நள்ளிரவில் விசைப்படகுகளுக்கான 52 நாள் இழுவலைத் தடை தொடங்கும். வள்ளத்திலும் கட்டுமரத்திலும் போகிறவர்கள் நாலு காசு பார்ப்பது அந்தத் தடைக்காலத்தில்தான். அந்தப் பருவம் நெருங்கும் நேரத்தில் விழுந்த அடி இது. நான்கு மாவட்ட மீனவக் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த உடனடி உதவி 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும். அது அடுப்பெரிய உதவியிருக்கும். நஷ்ட ஈடு ஆகாது.

நஷ்ட ஈடு கேட்க ஒரு வழி இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டப்படி, கப்பலால் கடலுக்கும் கரைக்கும் நேர்ந்த சேதத்தை மட்டுமல்ல, அதனால் மூன்றாம் நபர்களுக்கு ஏற்பட்ட இழப்பையும் உயர் நீதிமன்றத்தில் கோரலாம். மூழ்கிய கப்பலைப் பிடிக்க முடியாது. ஆனால் அதே உரிமையாளரின் வேறொரு கப்பல் நம் துறைமுகத்துக்கு வந்தால் அதைப் பிடித்து நிறுத்தச் சட்டம் இடம் தருகிறது. கேரளம் செய்தது அதைத்தான். 2025 ஜூலை 7 அன்று, விழிஞ்ஞத்தில் நின்றிருந்த ‘எம்.எஸ்.சி. அகிடெட்டா 2’ கப்பலைத் தடுத்து நிறுத்த கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அரசு கோரிய தொகை 9,531 கோடி ரூபாய்.

அந்தத் தொகையைப் பிரித்துப் பார்த்தால்தான் மீனவரின் இடம் தெரியும். சுற்றுச்சூழல் சேதத்துக்கு 8,626.12 கோடி. சீரமைப்புக்கு 378.48 கோடி. மீனவர்களின் வருமான இழப்புக்கு 526.51 கோடி; அதாவது நூற்றுக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. கப்பல் தரப்பு சும்மா இருக்கவில்லை: மூழ்கிய இடம் 12 கடல் மைலுக்கு அப்பால் இருப்பதால் மாநிலத்துக்கு வழக்குத் தொடர உரிமையே இல்லை, பிடிபட்ட கப்பலின் உரிமையாளரும் வேறு என்று வாதிட்டது. செப்டம்பரில் நீதிமன்றம், கப்பலை விடுவிக்கக் கட்ட வேண்டிய பிணைத்தொகையை 1,227.62 கோடியாகக் குறைத்தது. பிணை என்பது பிணைதான். தீர்ப்பு வந்து, யாருக்கு எவ்வளவு என்று முடிவாகும்வரை அதில் ஒரு ரூபாய்கூட வள்ளத்துக்காரர் கைக்கு வராது.

எண்ணெய் ஏற்றிச் செல்லும் டேங்கர் உடைந்திருந்தால் கதை கொஞ்சம் மாறியிருக்கும். அதற்கென்று சர்வதேச எண்ணெய் மாசு இழப்பீட்டு நிதி இருக்கிறது, இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. எல்சா சரக்குப் பெட்டகக் கப்பல். அதன் எரிபொருள் கசிந்தால் அந்த நிதி திறக்காது. அதோடு, கப்பலின் அளவுக்கேற்ப உரிமையாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பு வைக்கும் சட்டமும் உண்டு. இலங்கைக்கு இதன் வலி தெரியும். 2021இல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கப்பலுக்கு லண்டன் நீதிமன்றம் வைத்த வரம்பு 1.9 கோடி பவுண்டு. இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 24 அன்று விதித்ததோ 100 கோடி டாலர். அவ்வளவையும் கட்ட முடியாது என்று கப்பல் நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

டேங்கர் என்றாலும் கணக்கு கேட்பார்கள். தென்கொரியாவில் 2007இல் ‘ஹெபெய் ஸ்பிரிட்’ டேங்கர் உடைந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் குவிந்தன. வருமானத்துக்கு ஆதாரம் காட்ட முடியாத சிறு மீனவர்களின் கோரிக்கைகள் பெருமளவில் தள்ளுபடியாயின. நம் கரையில் மீன்பாடு கிடைத்த அன்றே ஏலம் போகிறது. படகுப் பங்கு, வலைப் பங்கு, ஆள் பங்கு என்று அங்கேயே பிரிகிறது. எல்லாம் ரொக்கம், எல்லாம் வாய்ச்சொல். கூடையில் மீன் சுமந்து விற்கும் பெண்களுக்கு அந்தப் பங்குக் கணக்குகூடக் கிடையாது. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது தமிழக அரசு 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவித்தது. படகு கணக்கில் ஏறிவிடும். கூடை எதில் ஏறும்?

வழக்கு நடக்கும் இந்த நேரத்திலேயே அரசு இதைச் செய்தாக வேண்டும்: ஒவ்வொரு இறங்குதளத்திலும் கூட்டுறவுச் சங்கங்களின் ஏலப் பதிவுகளை எடுத்து, ஆள்வாரியாக, பெண் வியாபாரிகளையும் சேர்த்து, இழப்புப் பட்டியல் தயாரிக்க வேண்டும். மீனவர்களே, நீங்களும் ஏலத் தொகையை அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதித் தேதி போட்டு, சங்கத்திலோ ஏலக்காரரிடமோ கையெழுத்து வாங்கி வையுங்கள். வங்கிப் பாஸ்புக், டீசல் பில், படகுப் பதிவுச் சான்று எதையும் தூக்கிப் போடாதீர்கள். நீதிமன்றத்தில் உங்கள் கடலுக்குச் சாட்சி அந்தக் காகிதங்கள்தான்.