உங்களுக்குத் தெரியுமா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது சூட்டுக்கு மருந்தாகாது!

கத்திரி வெயிலில் கீரப்பாளையம் பக்கம் கார் சூடேறினால், “தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுங்க” என்று யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். கழற்றாதீர்கள்! அது தீர்மானிப்பது எஞ்சினின் குறைந்தபட்சச் சூட்டைத்தான். உச்சத்தை அடக்குவது ரேடியேட்டரும் ஃபேனும். தெர்மோஸ்டாட்டின் உள்ளிருக்கும் மெழுகு உருகி விரிந்து, பல கார்களில் 82 அல்லது 88 டிகிரி செல்சியஸில் அதன் வால்வைத் திறக்கிறது.

ஏர் ஃபில்டர், சைலன்சர் மட்டும் மாற்றிய எஞ்சினுக்குக்கூட தெர்மோஸ்டாட் திறக்கும் சூடு கம்பெனி வைத்த அளவிலேயே இருந்தால் போதும். அதை 71 டிகிரிக்கு இறக்கினால், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கணக்கிட்டு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ கூடுதல் பெட்ரோல் ஊற்றக்கூடும். ஆயிலில் ஈரம் தங்கும், தேய்மானம் கூடும். டர்போ அழுத்தத்தை ஏற்றியதால் எஞ்சின் ‘நாக்’ அடித்தால் சில டிகிரி குறைக்கலாம், இசியூவையும் அதற்கேற்பத் திருத்தி. மற்றபடி சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், கூலன்ட், ரேடியேட்டர் மூடி ஆகியவற்றை முதலில் பாருங்கள்.