நாளொன்றுக்கு எவ்வளவு புரதம்?

புலம்பெயர்ந்த நம்மவர் வீடுகளில் புரதமாப் பேணிகள் இடம்பிடித்துவிட்டன. பிள்ளை விரைந்து வளர வேண்டும், இளைஞனின் தோள் திரள வேண்டும் என்ற ஆவலில் உழைத்த பணத்தில் ஒரு பகுதி அதற்கே செல்கின்றது. இச்செலவு அவசியந்தானா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனிய அறிஞர் கார்ல் வொய்ற், உழைப்பாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் வேண்டுமென்றார். உழைப்பாளர் வழக்கமாக உண்டதையே அவர் அளவுகோலாகக் கொண்டார். யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரஸ்ஸல் சிற்றெண்டன், படைவீரரையும் விளையாட்டு வீரரையும் கொண்டு பரிசோதித்து, ஏறத்தாழப் பாதியே போதுமென 1904 இல் காட்டினார். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகள் இரண்டும் இணைந்து 2007 இல் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்தோருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் என வகுத்தது. 60 கிலோ நிறையுடையவருக்கு இது 50 கிராம். இதுவும் பெரும்பாலும் அனைவருக்கும் போதுமாறு கூட்டி வகுத்த அளவே. சராசரித் தேவை 0.66 கிராம்தான். 30 கிலோ நிறையுள்ள பத்து வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 30 கிராமும் வேண்டியதில்லை.

நம் சமையலறைக் கணக்கைப் பார்ப்போம். 300 கிராம் அரிசியில் சுமார் 20 கிராம், 75 கிராம் பருப்பில் 18, ஒரு முட்டையில் 6, ஒரு குவளைப் பாலில் 6: ஐம்பது நிறைந்துவிட்டது. மீனும் இறைச்சியும் இன்னும் சேரவில்லை. அரிசியில் குறைவாகவுள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவான மெதியோனினை அரிசி ஈடுசெய்கின்றது. மரக்கறி உண்போரும் அஞ்ச வேண்டியதில்லை.

மிகுதியாக உண்ணும் புரதத்தை உடல் சேமித்து வைப்பதில்லை. அதன் நைதரசன் யூரியாவாகிச் சிறுநீருடன் வெளியேற, எஞ்சியது எரிபொருளாகவோ கொழுப்பாகவோ மாறுகின்றது.

உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. தேநீரும் பாணுமாக நாளைக் கழித்து, மிச்சம்பிடித்த பணத்தை ஊருக்கு அனுப்பும் இளைஞரை நாம் அறிவோம். போதிய உணவு இல்லாதபோது உடல் புரதத்தையே சக்திக்காக எரித்துவிடும். இவருக்கு முதலில் வேண்டியது வயிறார உணவு. அடுத்து முதியோர். 65 வயதைக் கடந்தோருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நன்றென நிபுணர் குழுவொன்று 2013 இல் பரிந்துரைத்தது. அவர்களோ மிகக் குறைவாகவே உண்கின்றனர். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் கடும் பயிற்சி செய்வோருக்கும் சற்றுக் கூடுதலாக வேண்டும். சிறுநீரக நோயுற்றோர் வைத்தியரின் சொற்படியே நடத்தல் வேண்டும்.

அடுத்த பேணியை வாங்குமுன், வீட்டு முதியவரின் கோப்பையைப் பாருங்கள். அங்கே ஒரு முட்டையோ ஒரு துண்டு மீனோ இல்லையெனில், பணம் செல்ல வேண்டிய இடம் அதுவே.