மூலமும் உரையும் – ஒரு விளையாட்டின் பதிப்பு வரலாறு

'மூலமும் உரையும்' என்னும் தொடரைப் பழைய நூல்களின் முகப்பிலே கண்டு பழகியவர்களிடம், அது கணினி விளையாட்டுக்கும் பொருந்தும் என்று கூறினால் நகைப்பே உண்டாகும். எனக்கும் உண்டாயிற்று. நான் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். 1996ஆம் ஆண்டிலே கொழும்பில் ஒரு வகுப்பறையில், மாணவன் ஒருவன் தோழனுக்கு இரகசியமாகக் கைமாற்றிய காந்தத் தட்டு ஒன்றைப் பறித்து, "திருட்டுப் படியா?" என்று வைது, மேசை லாச்சியிலே பூட்டி வைத்தேன். அதில் இருந்தது 'டூம்' என்னும் விளையாட்டு. அதன் முதற்பகுதியை எவரும் படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம் என்று ஆக்கியோரே அனுமதித்திருந்தனர் என்பதை நான் அறிந்தது மிகப் பிந்தியே.

அறிவித்தவன் என் தங்கை மகன். சில மாதங்களுக்கு முன் தன் மடிக்கணினியை என்முன் வைத்து, "மாமா, இது டூமின்ர மூலம். வாசிச்சுப் பாருங்கோ" என்றான். வாசித்தேன் என்று சொன்னால் மிகையாகும். ஆயினும் கட்டளை வரிகளுக்கு இடையே சாதாரண ஆங்கில வாக்கியங்கள் கிடந்தன. இன்னதை இன்ன காரணத்தாற் செய்தோம், இவ்விடம் இன்னும் திருந்த வேண்டும் என்றவாறு அமைந்தவை அவை. இயந்திரத்துக்கு அவற்றால் யாதொரு பயனும் இல்லை. பின்னர் வந்து படிக்கும் மனிதனுக்காகவே எழுதப்பட்டவை. இவை உரையன்றி வேறென்ன?

நிரலாளர் எழுதுவது மனிதர் படிக்கத்தக்க ஒரு மொழியில். டூம் 'சி' என்னும் மொழியில் எழுதப்பட்டது. தொகுப்பி என்னும் மற்றொரு நிரல் அதனை இயந்திரம் மட்டும் அறியும் எண்களாக மாற்றும். அவ்வேளையில் உரைக்குறிப்புக்கள் யாவும் உதிர்ந்துபோம். கடையில் நாம் வாங்குவது இந்த எண் குவியலையே. உரிய இயந்திரம் வழக்கொழிந்தால் அதுவும் ஊமையாகிவிடும். பழைய இயந்திரம்போல் நடிக்கும் நிரல்களால் அதனை இயக்கலாம் என்பது மெய்தான். ஆனால் இசைத்தட்டைச் சுழலவிட்டுக் கேட்பது வேறு, சுவடியைக் கையில் வைத்துக்கொண்டு பாடுவது வேறு.

அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து 'இட் சொவ்ற்வெயர்' நிறுவனம் டூமை வெளியிட்டது 1993 டிசெம்பர் 10ஆம் நாள். நான்கு ஆண்டுகள் சென்றபின், 1997 டிசெம்பர் 23ஆம் நாள், அதன் தலைமை நிரலாளர் ஜோன் கார்மக் மூலநிரலை உலகுக்கு அளித்தார். அதிலும் ஒரு குறை இருந்தது. ஒலிக்குரிய பகுதி பிறர் உடைமை. அதனால் அப்பகுதி சேராத லினக்ஸ் வடிவமே வெளிவந்தது. முதலில் இலாபம் கருதாத பயன்பாட்டுக்கு மட்டும் என்றிருந்த உரிமம், 1999இல் 'ஜி.பி.எல்.' என்னும் பொது உரிமமாக மாறிற்று. அதன்படி எவரும் மூலத்தைத் திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் திருத்தியதைப் பிறர்க்கு வழங்குவோர் அதன் மூலத்தையும் வழங்கியே ஆகவேண்டும்.

இதன்பின் நிகழ்ந்தது பதிப்பாசிரியர்களின் பூசல்களைக் கேட்டு வளர்ந்த நமக்குப் புதிதன்று. டூமின் மூலத்தில் ஒரு வரம்பு உண்டு. ஒரு காட்சியிலே தரை, கூரைப் பரப்புக்கள் 128 என்ற எண்ணிக்கையைக் கடந்தால் ஆட்டம் நின்றுவிடும். 'பூம்' என்னும் பதிப்பினர் அதனைக் குறையெனக் கண்டு நீக்கினர். 'சொக்கிலட் டூம்' என்னும் பதிப்பினரோ அதனை வேண்டுமென்றே பேணினர். ஏட்டில் உள்ளபடியே அச்சிடுவோம் என்னும் கட்சி இது! வெறும் பிடிவாதம் என்றே நானும் எண்ணினேன். மருமகன் விளக்கினான். அக்காலத்து ஆட்டக்காரர் பதிந்து வைத்த ஆட்டங்களில் படமே இல்லையாம். எக்கணத்தில் எவ்வழி திரும்பினார், எப்போது சுட்டார் என்பவை மட்டுமே உண்டு. விளையாட்டின் நடத்தையில் ஒரு சிறு பிழையைத் திருத்திவிட்டாலும், பழைய பதிவிலுள்ள வீரன் வழி தவறிச் சுவரிலே முட்டிக்கொண்டு நிற்பான். பாடபேதத்தின் அருமையை இதனினும் தெளிவாக நான் வகுப்பிற் கற்பித்ததில்லை.

ஆசிரியர் யார் என்ற வழக்கும் இங்கு உண்டு. 2005இல் 'குவேக் 3' விளையாட்டின் மூலம் வெளிவந்தபோது, ஓர் எண்ணின் வர்க்கமூலத்தினது தலைகீழை மிக விரைவாகக் கணிக்கும் சில வரிகள் கற்றோரை மயக்கின. நடுவே விளக்கமற்ற ஒரு விந்தை எண். அருகே, ஈண்டு எழுதத்தகாத ஒரு வசைச்சொல்லுடன் கூடிய வியப்புக் குறிப்பு. புகழ் கார்மக்கைச் சேர்ந்தது. அவர் தாம் அல்லர் என்றார். தேடியவர்கள் கிரெக் வால்ஷ் என்பவர் வரை சென்றனர். மூலம் மூடிக்கிடந்திருப்பின் இக்கேள்வியே பிறந்திராது.

இழப்பு எவ்வளவு அருகில் நிற்கின்றது என்பதற்கு ஜோர்டன் மெக்னரின் கதை போதும். அவர் 'பிரின்ஸ் ஒவ் பேர்சியா' என்னும் விளையாட்டை அப்பிள் 2 கணினிக்கென எழுதி 1989இல் வெளியிட்டார். தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அவ்வசைவுகளைச் சித்திரமாக்கிய அருமுயற்சி அது. அதன் மூலம் தொலைந்தது என்றே அவர் நம்பியிருந்தார். 2012இல் அவர் தந்தையார் வீட்டு அலுமாரியிலிருந்து ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே அத்தட்டுக்கள்! காந்தப் பதிவு காலத்தால் மங்குவது. பழங்கணினி வல்லார் கூடி அதனைப் படித்தெடுத்தனர். அவ்வாண்டு ஏப்ரலிலேயே மெக்னர் அதனை யாவரும் காண வெளியிட்டார்.

எல்லார்க்கும் இத்தகைய தந்தையும் அலுமாரியும் வாய்ப்பதில்லை. 'சைலண்ட் ஹில்' விளையாட்டுக்களை 2012இல் புதுக்கி வெளியிட முனைந்தவர்களுக்குக் கிடைத்தது முற்றுப்பெறாத நிரலே. முடிந்த வடிவம் உரிமையாளரான கோனாமியிடமே இருக்கவில்லை.

மூலத்தைத் திறந்தால் ஆக்கியோர் பிழைப்பது எங்ஙனம் என்று அன்பர்கள் வினவலாம். டூமின் நிரல் திறந்ததேயன்றி, அதன் சித்திரங்களும் இசையும் அரங்கங்களும் இன்றும் உரிமையுள்ள பொருள்களே. அவற்றை விலைகொடுத்தே பெறவேண்டும்; அன்றேல் 'பிறீடூம்' குழுவினர்போற் புதிதாக வரைந்துகொள்ள வேண்டும். இவ்வேற்பாடு எனக்கு நியாயமாகவே படுகின்றது. நான் மனம் கசப்பது, விற்கவும் மாட்டாமல் கொடுக்கவும் மாட்டாமல் பூட்டி வைத்திருப்போர்மீதே. 2020இலும் 2025இலும் 'கொமாண்ட் அன்ட் கொங்கர்' வரிசையில் சில விளையாட்டுக்களின் மூலத்தை எலெக்ரோனிக் ஆர்ட்ஸ் நிறுவனம் திறந்தது. பெரிய நிறுவனங்களாலும் இஃது இயலும்.

பூட்டி வைத்தோரைக் குறைகூறும்போது என் லாச்சி நினைவுக்கு வராமற் போகவில்லை. அத்தட்டு இன்னும் என்னிடமே இருந்தது. மருமகன் எங்கோ இரவல் பெற்ற பழைய கருவியில் அதனை இட்டுப் பார்த்தான். பூஞ்சணம் பிடித்திருந்தது, ஒரு வரியேனும் வாசிக்க இயலவில்லை. மேலே ஒட்டிய தாளில் 'இரண்டில் முதலாவது' என்று நீல மையால் எழுதி, அதன்கீழ் அம்மாணவன் தன் பெயரையும் வகுப்பையும் குறித்திருந்தான். அவ்வெழுத்து மட்டும் மங்கவில்லை.