பார்த்தால் பளபள, உள்ளே கோளாறு! தெரியுமா?

வெளிநாட்டு ஆலை ஒன்றில் 5,000 சார்ஜர் செய்யக் கொடுத்திருக்கிறீர்கள். கப்பலேற்றும் முன் உங்கள் சார்பில் போகிற இன்ஸ்பெக்டர் அதில் எத்தனையைச் சோதிப்பார் தெரியுமா? வெறும் 200! மாதிரிச் சோதனைக்கான ஐ.எஸ்.ஓ. 2859 என்ற சர்வதேச அட்டவணையின் வழக்கமான கணக்கு அது. இன்னும் கேளுங்கள்: பெரிய குறைகளுக்குப் பலரும் வைக்கும் 2.5 சதவீத வரம்பின்படி, அந்த 200-ல் 10 பழுதென்றாலும் மொத்தச் சரக்கும் பாஸ்! பதினொன்றாவது அகப்பட்டால்தான் ஃபெயில். இந்தக் கணக்கின் தாய்வீடு எது தெரியுமா? அமெரிக்க ராணுவம்!

சரி, கண்ணுக்கே தெரியாத குறை என்றால்? 2012-ல் பிரிட்டனின் ராஸ்பெரி பை, அதுதான் அந்தக் கிரெடிட் கார்டு அளவுக் கணினி, முதன்முதலாகச் சீனாவில் தயாரானது. முதல் தவணை 10,000. உலகமே காத்திருக்கிறது! ஆலையோ நெட்வொர்க் கேபிள் செருகும் ஜாக்கை மாற்றி வைத்துப் பற்றவைத்துவிட்டது. உள்ளே குட்டி மின்மாற்றிகள் உள்ள ஜாக் வேண்டும். வைத்ததோ அவை இல்லாத ஜாக். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்! இயக்கிப் பார்த்தால் நெட்வொர்க் வரவில்லை. அப்புறமென்ன, பற்றவைத்ததைக் கழற்றி மாற்றும் வேலைதான். உள்நாட்டில் செய்தால் கட்டுப்படியாகாது என்றுதான் சீனாவுக்கே போனார்கள். ஆனால் அதே ஆண்டில் உள்நாட்டிலேயே, வேல்ஸிலுள்ள சோனி ஆலைக்கும் தயாரிப்பு வந்து சேர்ந்தது!

இதைவிட விந்தை, 2016-ல் வந்த சாம்சங் நோட் 7. பேட்டரி தீப்பிடிக்கிறது என்று 25 லட்சம் போன்களைத் திரும்ப அழைத்தார்கள். வேறு நிறுவனத்தின் பேட்டரி போட்டு மாற்றிக் கொடுத்தார்கள். அதுவும் பற்றிக்கொண்டது! முதலாவதில் மூலையில் மின்முனை வளைந்திருந்தது. இரண்டாவதில் வெல்டிங் பிசிறு. இரண்டு நிறுவனம், இரண்டு கோளாறு, ஒரே நெருப்பு! இதைக் கண்டுபிடிக்க 700 பொறியாளர்கள் 2 லட்சம் போன்களைச் சோதித்தார்கள்.

பழி எப்போதும் ஆலைமேல்தானா? 2007-ல் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான மேட்டல், சீனாவில் செய்த, காந்தம் கழன்று விழும் பொம்மைகளைக் கோடிக்கு மேல் திரும்பப் பெற்றது. சீனாவை எல்லோரும் திட்டித் தீர்த்தார்கள். கடைசியில் மேட்டல் அதிகாரியே பெய்ஜிங் போய் மன்னிப்புக் கேட்டார்: கோளாறு பெரும்பாலும் எங்கள் வடிவமைப்பில்தான்! (இந்த மன்னிப்பு எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?)

நீங்களும் வெளிநாட்டில் ஆர்டர் கொடுப்பவரா? ஒப்புக்கொண்ட மாதிரி ஒன்றை இரு தரப்பும் கையெழுத்திட்டு, சீல் வைத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். சோதனை முடியும்வரை மீதிப் பணத்தை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்!