நம் பிள்ளைகளைப் படம் பிடித்தல்

எங்கள் வீட்டுச் சுவரிலே பழைய படமொன்று தொங்குகின்றது. நகரத்து ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்தது. பின்னால் திரைச்சீலையில் வரைந்த மாடிப்படியும் பூந்தொட்டியும். முன்னால் தமையனாரும் நானும் தம்பியும் புத்தாடை உடுத்து விறைத்து நிற்கின்றோம். தம்பி ஆறாவது வயதிலே காய்ச்சலால் இறந்துபோனான். அவனுக்கு வேறு படம் இல்லை. ஓயாது சிரிக்கும் பிள்ளை அவன். படத்திலோ நீதிபதியைப் போல முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்கின்றான். "இது அவன்ரை முகமில்லை" என்று அம்மா சொல்லுவார். ஆயினும் அவர் அடிக்கடி நோக்குவது அவனுடைய வலக்கையை. கையை விரித்து நிற்கும்படி படம் பிடிப்பவர் எவ்வளவோ சொல்லியும் அந்தக் கை மூடியபடியே இருக்கின்றது. உள்ளே ஒரு போளை இருந்தது.

நேயர்களே, பெற்றோர் தம் பிள்ளைகளை நிறுத்திவைத்துப் படம் எடுப்பது நன்றா, அவர்கள் தம்பாட்டில் இருக்கும்போது இயல்பாக எடுப்பது நன்றா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இயல்பான படமே உயர்ந்தது என்று இக்காலத்தவர் பலர் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

முற்காலத்தவர் விறைத்து நின்றது ரசனைக் குறைவினால் அன்று. 1839 ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து டகேர் என்பாரின் முறை வெளியிடப்பட்டபோது, தகட்டிலே உருவம் பதிவதற்குச் சில நிமிடங்கள் வேண்டியிருந்தன. அதற்குள் தலை அசைந்தால் முகம் புகைபோலக் கலைந்துவிடும். ஆகவே பிடரிக்குப் பின்னே இரும்புத் தாங்கி வைத்துத் தலையை நிறுத்தினர். கைக்குழந்தை தாங்கிக்கு அடங்குமா? விக்ரோறியா இராணி காலத்தில், தாயை நாற்காலியில் இருத்தி, அவளைத் தலைமுதல் கால்வரை துணியால் மூடி, மடியிலே குழந்தையை வைத்து எடுத்த படங்கள் அநேகம். முதற்பார்வைக்குப் போர்வை போர்த்த ஆசனம் போலத் தோன்றும். கூர்ந்து நோக்கினால் அத்துணிக்குள் ஒரு தாய் இருந்து பிள்ளையைப் பிடித்திருப்பது புலப்படும்.

பின்னர் நிலைமை மாறிற்று. 1900 இல் பிரௌணி என்னும் பெட்டிக் கமரா அமெரிக்காவில் ஒரு டொலருக்கு விற்பனைக்கு வந்தது. 1925 இல் ஜெர்மனியிலே லைக்கா வெளிவந்தது. கோட்டுப் பையில் அடங்கும் அக்கருவி கண்ணிமைக்கும் நேரத்திற் படம் பிடித்தது. பிள்ளைகளின் ஓட்டமும் சிரிப்பும் அழுகையும் படத்துக்குள் வரத் தொடங்கின.

நிறுத்திவைத்து எடுக்கும் முறையை இகழ்வோர், நம் நாட்டு மண்ணிலே துயிலும் ஒரு பெண்மணியை மறந்துவிடலாகாது. ஜூலியா மாகிரட் கமரன் 1815 இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1863 இல், தமது 48 ஆவது வயதில், மகளும் மருமகனும் அன்பளிப்பாகக் கொடுத்த கமராவைக்கொண்டு இங்கிலாந்தில் இக்கலையைத் தொடங்கினார். 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் மலைநாட்டிலே காலமானார்; பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அவர் கல்லறை உண்டு. வேடம் புனைவித்து, காட்சி அமைத்து எடுப்பது அவர் வழக்கம். 1865 இல் தம் இரண்டு வயதுப் பேரனைப் பாலயேசுவாகக் கிடத்தி எடுத்த படமொன்றில் குழந்தை உறங்குகின்றது. பேர்த்தியார் எத்தனை ஏற்பாடு செய்திருப்பினும் அந்த உறக்கம் குழந்தைக்கே உரியது. என்னைக் கேட்டால், அப்படத்தின் உயிர் அங்கேதான் இருக்கின்றது.

இயல்பான படத்துக்குப் புகழ்பெற்ற சான்று, அமெரிக்கப் போர்ப் படப்பிடிப்பாளர் யூஜீன் சிமித் எடுத்தது. 1945 இல் ஒக்கினாவாப் போர்க்களத்தில் எறிகணைச் சிதறல்களால் முகத்திலும் கையிலும் படுகாயமுற்ற அவர், நெடுநாள் கமராவைத் தொடவில்லை. 1946 இல் ஒருநாள் தம் சிறு மகனும் மகளும் மரங்களினூடே நடந்துபோக, அவர்களுக்குப் பின்னே சென்று எடுத்த படம், 1955 இல் நியூயோர்க்கில் நடந்த 'மனிதக் குடும்பம்' என்னும் கண்காட்சியிலே இறுதிப் படமாக வைக்கப்பட்டது. இருளிலிருந்து வெளிச்சத்தை நோக்கி இரு குழந்தைகள் போகின்றனர். இருவர் முகமும் தெரியவில்லை. உலகமெல்லாம் கண்ட அப்படத்தில் அப்பிள்ளைகளின் முகம் அவர்களிடமே இருக்கின்றது என்பதை நான் பின்னரே உணர்ந்தேன்.

வீட்டிலே இயல்பான படம் எடுக்க விரும்புவோருக்குச் சில வார்த்தை. நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் விழும். நிலத்திற் குந்தி, பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறங்குங்கள். காலை வேளையில் யன்னலோரத்து வெளிச்சம் மிக நன்று. ஓடும் பிள்ளைக்கு ஒரு செக்கனில் 250 இல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். "சிரி" என்று சொல்லாதீர்கள். பனங்கிழங்கை உரிக்கக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். உங்களை அது மறந்துபோம்.

மறந்துபோம் என்றேன். அதிலேதான் ஒரு சங்கடமும் உண்டு. நிறுத்திவைத்து எடுக்கும்போது, எடுக்கப்போகின்றோம் என்பதைப் பிள்ளை அறியும். எந்த முகத்தைக் காட்டுவதென்று தானே தீர்மானிக்கும். அறியாமல் எடுக்கும்போது அந்த உரிமையை நாம் கேளாமலே எடுத்துக்கொள்கின்றோம். படம் அல்பத்துள் இருந்த காலத்தில் இதனால் பெருந்தீங்கில்லை. கைத்தொலைபேசி வந்தபின் நிலைமை வேறு.

சென்ற தைமாதம் பட்டம் நூலறுந்து போனபோது என் ஏழு வயது மகள் முற்றத்தில் நின்று தேம்பி அழுதாள். நல்ல வெளிச்சம்; அருமையான படம். கடல்கடந்த உறவினர்க்கெல்லாம் அனுப்பினேன். அடுத்தநாள் தொலைபேசியில் மாமன் ஒருவர் அவளைக் கேலி செய்தார். இரவு என்னிடம் வந்தாள். "நான் அழேக்கை ஏன் அப்பா எடுத்தனீங்கள்? ஏன் எல்லாருக்கும் காட்டினனீங்கள்?" எடுத்ததற்கு ஒரு காரணம் சொன்னேன், காட்டியதற்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பின்பு பல வாரம், கமராவைக் கண்டால் அவள் அறைக்குள் போய்விடுவாள். இப்பொழுதும் இயல்பான படங்களை எடுக்கின்றேன். எடுத்ததை அவளுக்கே முதலிற் காட்டுகின்றேன், வேண்டாமென்றதை அழித்துவிடுகின்றேன். நல்ல படங்கள் சில அவ்வாறு போயின.

போன கிழமை அவளே வந்து கிணற்றடியில் நின்றாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, வாயை இறுக மூடிக்கொண்டு, எடுக்கச் சொன்னாள். எடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதை அனுப்புங்கோ" என்றாள்.