காக்ளியர் உள்வைப்புப் பெற்ற குழந்தைகளின் வாசிப்பு வளர்ச்சி: தமிழ்மொழியை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

பிறவியிலேயே செவித்திறன் குன்றிய குழந்தைக்கு ஒலியுலகின் வாயிலைத் திறந்துவைப்பது காக்ளியர் உள்வைப்பு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் இவ்வறுவை சிகிச்சை செய்யப்படுவதால், எளிய குடும்பத்துக் குழந்தைகளும் இதன் பயனைப் பெறுகின்றனர். கேட்கத் தொடங்கிய குழந்தை படிக்கவும் தானே கற்றுக்கொள்ளும் என எதிர்பார்ப்பது இயல்பு. அவ்வெதிர்பார்ப்பு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கருவி தரும் ஒலி

இயல்பான உட்செவியில் ஏறத்தாழ 3,500 உள் மயிர்ச்செல்கள் ஒலியை நரம்பிற்கு உணர்த்துகின்றன. உள்வைப்பில் அப்பணியைப் பெரும்பாலும் 12 முதல் 22 வரையிலான மின்முனைகளே ஆற்றுகின்றன. ஆதலின் ஒலியின் கால அளவும் தாளமும் ஓரளவு தெளிவாகக் கிட்டும். நுண்ணிய ஒலிவேறுபாடுகள் மங்கும். ‘படி’, ‘பாடி’ என்னும் குறில் நெடில் வேறுபாட்டை உணர்வதினும் ‘மனம்’, ‘மணம்’ என்பவற்றைச் செவியால் பிரித்தறிவது கடினமாகலாம்.

வாசிப்பின் இரு கூறுகள்

காஃப், டன்மர் ஆகியோர் 1986ஆம் ஆண்டில் வாசித்துப் புரிந்துகொள்வதை இரு கூறுகளின் பெருக்கற்பலனாக விளக்கினர். ஒன்று எழுத்தைச் சொல்லாக்கும் திறன். மற்றொன்று மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். இவற்றுள் ஒன்று சுழியமாயின் பயனும் சுழியமே.

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு பெரிதும் சீரானது. எனவே உள்வைப்புப் பெற்ற குழந்தையும் எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்கப் பழகக்கூடும். இடர் ஒளிந்திருப்பது இங்கேதான். தடையின்றி ஒலிக்கும் குரலைக் கேட்கும் ஆசிரியர், பொருளும் விளங்கிவிட்டதெனக் கருதிவிடலாம். முதற்கூறு வளர்ந்தும் இரண்டாங்கூறு மெலிந்திருப்பது அவர் கண்ணுக்குப் புலப்படாது.

பேச்சுத்தமிழும் நூல்தமிழும்

வீட்டில் குழந்தை கேட்பது ‘வந்துச்சு’. பாடநூலில் காண்பது ‘வந்தது’. ‘மரம்’ என்னும் சொல்லின் இறுதி மகரம் பேச்சில் மூக்கொலியாகத் தேய்ந்துவிடுகிறது. வேற்றுமை உருபுகளும் வினைமுற்று விகுதிகளும் சொல்லின் இறுதியில் மெல்ல ஒலிப்பன. செவித்திறன் உடைய குழந்தை, கதைகள் வழியாகவும் பிறர் பேச்சு வழியாகவும் எழுத்துத்தமிழை அறியாமலே உள்வாங்குகிறது. உள்வைப்புப் பெற்ற குழந்தைக்கோ இரைச்சலிடையிலும் தொலைவிலும் பேச்சு தெளிவாகக் கேட்பதில்லை. அத்தகைய தற்செயல் கற்றல் குறைந்துபோகிறது.

ஆய்வு காட்டும் நிலை

அமெரிக்க ஆய்வாளர் ஆன் கியர்ஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வில், உள்வைப்புப் பெற்ற 8, 9 வயதுக் குழந்தைகள் 181 பேருள் பாதிக்கும் மேற்பட்டோர், செவித்திறன் உடைய ஒத்த வயதினரின் சராசரி வாசிப்பு நிலையை எட்டியிருந்தனர். எஞ்சியோர் எட்டவில்லை. வழி திறந்திருக்கிறது, கருவி மட்டுமே அவ்வழியில் நடத்திச் செல்வதில்லை என்பது இதனால் பெறப்படும். இவ்வாய்வு ஆங்கிலம் கற்ற குழந்தைகளைப் பற்றியது. தமிழுக்கு இதனை அப்படியே பொருத்துதல் இயலாது.

முடிவுரை

உரக்கப் படிப்பதை மட்டும் கொண்டு குழந்தையின் வாசிப்பை அளவிடுதல் தகாது. படித்ததைத் தன் சொற்களில் கூறச் செய்தல் வேண்டும். பள்ளிப்பருவத்திற்கு முன்பே நாள்தோறும் அருகமர்ந்து நூல்தமிழில் கதை படித்துக் காட்டுதலும், புதிய சொல்லைப் பேச்சுவழக்கோடு இணைத்து விளக்குதலும் பெற்றோர் செய்யத்தக்கன. அறுவை சிகிச்சை தருவது கேட்டல். கேட்டலை வாசிப்பாக்குவது அதன்பின் அமையும் மொழிச்சூழலே.