நீரில் நிற்கும் ஊர்க்கோயில்

பாசனம் பெருக அணைகள் இன்றியமையாதவை. அவற்றின் பொருட்டு மக்கள் இடம் பெயர்கின்றனர். அவர்தம் ஊரின் பழங்கட்டடங்களோ பெயர இயலாமல் நின்றுவிடுகின்றன.

புணே மாவட்டம் இந்தாப்பூர் வட்டத்தில், பீமா ஆற்றங்கரையில் இருந்த சிற்றூர் பளஸ்தேவ். 1980-இல் நிறைவுற்ற உஜனி அணையின் நீர்த்தேக்கத்தில் பழைய ஊர் மூழ்கியது. மக்கள் மேட்டுநிலத்தில் குடியேறினர். பளஸ்நாதர் என்னும் சிவன் கோயில் மட்டும் அங்கேயே நின்றது. கருங்கல் சுவர்கள்மீது செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அதன் சிகரம், நீர் குறையுங்கால் தலைகாட்டும். 2024-ஆம் ஆண்டைப் போன்ற வறட்சியில் கோயிலே வெளிப்படும். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடி நந்தியைக் கண்ட தமிழர்க்கு இக்காட்சி புதிதன்று.

கருங்கல் நீரைத் தாங்கும். மாறி மாறி நனைந்து உலரும் செங்கல்லும் காரையும் நாளடைவில் உதிரும்.

நாகார்ஜுனசாகர் திட்டத்தையொட்டி, 1954 முதல் 1960 வரை நாகார்ஜுனகொண்டாவில் அகழாய்வு நடைபெற்றது. முக்கியச் சின்னங்கள் மேட்டில் மீண்டும் அமைக்கப்பெற்றன. சிற்றூர்க் கோயில்களுக்கு இவ்வாய்ப்பு கிட்டுதல் அரிது. அனைத்தையும் பெயர்த்தல் இயலாது. ஆயினும், நில எடுப்பின்போது வீட்டையும் வயலையும் அளப்பது போலவே, பழங்கட்டடங்களையும் அளந்து, வரைந்து, படமெடுத்து வைத்தல் இயலும். நீர் புகுமுன் செய்யத்தக்க இப்பணியைப் பின்னர்ச் செய்தல் அரிது.